தலைவர்கள் சேர்ந்துவிட்டார்கள்; தோட்டத்து மக்கள்?

சிரம்பான்: நெகிரி செம்பிலானில் அரசியல் உறவுகள் எவ்வளவு வேகமாக மாறின என்பதற்கு ரந்தாவ் சட்டமன்றத் தொகுதி நல்ல உதாரணம். 2018 ஏப்ரல் 28, வேட்புமனுத் தாக்கல் நாள். தேர்தல் ஆணையத்தின் அனுமதி அட்டை இல்லை என்று கூறி, பிகேஆர் வேட்பாளர் டாக்டர் எஸ். ஸ்ரீராம் மையத்திற்குள் அனுமதிக்கப்படவில்லை. அப்போதைய மந்திரி புசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஸ்ரீராம் நீதிமன்றம் சென்றார். அந்த வெற்றி செல்லாது என்று 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் முகமட் ஹசான் 4,510 வாக்குப் பெரும்பான்மையில் மீண்டும் வென்றார்.

வாக்காளர்களில் கால்வாசிக்கும் மேல் இந்தியர்கள் இருந்த தொகுதி அது. லின்சம் போன்ற தோட்டங்களில் இரு தரப்புமே வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டன.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2023 ஆகஸ்டு 12 மாநிலத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பானும் தேசிய முன்னணியும் ஒரே அணி. ரந்தாவில் ஹராப்பான் வேட்பாளரை நிறுத்தவில்லை. 2019இல் முகமட் ஹசானைத் தோற்கடிக்க உழைத்தவர்கள், அவருக்கே வாக்களிக்கும்படி கேட்கப்பட்டார்கள். போர்ட்டிக்சனிலும் இதே கதைதான். 2022 நவம்பர் பொதுத்தேர்தலில் மந்திரி புசார் அமினுடின் ஹருனை எதிர்த்து நின்றவர் மஇகாவின் பி. கமலநாதன். ஒன்பதே மாதங்களில் மஇகா, அமினுடின் தலைமையிலான அணியின் பக்கம் நின்றது.

அந்தத் தேர்தலின் முடிவு: மொத்தம் 36 இடங்களில் ஹராப்பானுக்கு 17, தேசிய முன்னணிக்கு 14, பெரிக்காத்தானுக்கு 5. இரு பழைய எதிரிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தனர். தலைவர்கள் மேடையில் கைகுலுக்கிவிட்டார்கள். ஆனால் தோட்டத்து ஆலய நிர்வாகத்திலும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்களா?

இரு தரப்புக்கும் வருத்தம் உண்டு

இந்தப் பிளவு பழையது. 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்கும் 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலுக்கும் பிறகு இந்தியர்களின் ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. மஇகா வசம் இருந்த தெலுக் கெமாங், அதாவது இன்றைய போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதி, அந்தத் தேர்தலில்தான் பிகேஆர் கைக்கு மாறியது. அப்பா மஇகா கிளையில், மகன் பிகேஆரில் அல்லது ஜசெகவில் என்ற குடும்பங்கள் தோட்டங்களில் சகஜமாயின.

மஇகா உறுப்பினரின் வருத்தம் இதுதான்: 2018 தேர்தலில் இம்மாநிலத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் ஜெராம் பாடாங். 2023இல் மஇகா எங்குமே போட்டியிடவில்லை. பல ஆண்டுகள் கிளை நடத்தியவருக்குத் தன் கட்சிக்கென்று ஓட்டுக் கேட்க ஒரு வேட்பாளர்கூட இல்லை.

எதிர்த்தரப்பின் வருத்தமும் குறைந்ததல்ல. தராசுச் சின்னத்தை எதிர்த்து 15 ஆண்டுகள் பிரச்சாரம் செய்தவரிடம், ஒரே இரவில் தராசுக்கே ஓட்டுப் போடு என்றால் எப்படி இருக்கும்? தோட்டத்தில் அவரைப் பார்த்து, "இதற்குத்தான் எங்களோடு சண்டை போட்டாயா?" என்று கேட்பவர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

பெரிக்காத்தானுக்கு வாக்களித்தவர்களும், யாருமே வேண்டாம் என்று வாக்களிக்கப் போகாதவர்களும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கூட்டணி என்பது கட்சிகளின் கணக்கு. அதற்கு வெளியே இருப்பவரையும் மதித்துப் பேசுவதில்தான் புரிந்துணர்வு இருக்கிறது.

ஒரு பள்ளிக்கு மூன்று வாசல்

இதில் தோட்ட மக்கள் இழப்பது என்ன? நிர்வாக நடைமுறையைப் பார்த்தாலே புரியும். அரசமைப்புச் சட்டப்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. கல்வி மத்திய அரசின் பொறுப்பு. தோட்ட நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். புதிய இடம் வேண்டுமானால் நில உரிமையாளரான தோட்ட நிறுவனம், மாநில அரசு, கல்வி அமைச்சு என மூன்று வாசல்களையும் தட்ட வேண்டும். ஆலயத்திற்கு நிலப் பட்டா வேண்டுமென்றாலும் நில அலுவலகத்திற்கும் மாநில ஆட்சிக்குழுவுக்கும் நடக்க வேண்டும்.

ஒரு வாசலில் மஇகாவினருக்கு அறிமுகம் இருக்கலாம், இன்னொன்றில் ஜசெக, பிகேஆர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு. ஆலய நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கடிதங்களை இரண்டு பேரிடம் கொடுத்தால் அதிகாரி என்ன செய்வார்? "முதலில் நீங்கள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்" என்று கோப்பை ஓரமாக வைப்பார். அதற்குள் தோட்டம் கைமாறிவிடலாம்.

சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பல ஏற்கெனவே வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இம்மாநிலத்தின் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் தோட்டம் இருக்கிறது. பக்கத்தில் தோட்டம் இல்லை. காலம் கடத்தும் வசதி இந்தச் சமூகத்திற்கு இல்லை.

எழுதி வைத்த இணக்கம்

எதிரெதிர் அணிகள் கொள்கையை விட்டுக்கொடுக்காமலே இணங்கிச் செயல்பட்ட முன்னுதாரணங்கள் இந்நாட்டிலேயே உண்டு. 2019 ஜூலை 16 அன்று, வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தத்திற்கு மக்களவையில் 211 உறுப்பினர்கள் ஆதரவளித்தனர்; எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தானியங்கி வாக்காளர் பதிவும் அதோடு வந்ததால், பதிவு செய்யாமலே இருந்த தோட்டத்து இளைஞர்கள் பலர் வாக்காளர் ஆனார்கள்.

2021 செப்டம்பர் 13 அன்று, பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசாங்கமும் எதிர்க்கட்சியான ஹராப்பானும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஹராப்பான் ஆட்சியில் சேரவில்லை, எதிர்க்கட்சியாகவே இருந்தது. கோவிட் நடவடிக்கை, நாடாளுமன்றச் சீர்திருத்தம் என எந்தெந்த விஷயத்தில் ஒத்துழைப்பது என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022இல் நிறைவேறியதற்கும் அந்த உடன்பாடு வழி திறந்தது.

தோட்ட அளவிலும் இதைச் செய்யலாம். பள்ளி நிலம், ஆலயப் பட்டா, தோட்டத்தை விட்டு வெளியேறுவோருக்கு வீடு ஆகிய மூன்றில் மட்டும் ஒரே கோரிக்கை, ஒரே கடிதம், எல்லாத் தரப்பின் கையெழுத்தும் என்று முடிவெடுக்கலாம். ஆலய மண்டபத்திலும் பள்ளிக் கூட்டங்களிலும் கட்சிப் பிரச்சாரம் கூடாது என்று கூட்டக் குறிப்பிலேயே பதியலாம். மானியம் யார் வழியாக வந்தாலும் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். தேர்தல் நேரத்தில் அவரவர் கட்சிக்கு அவரவர் உழைப்பதை இவை எதுவும் தடுக்கப் போவதில்லை.

ரந்தாவ் வழக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. அநீதி நடந்ததாக நினைத்தவர் நீதிமன்றம் சென்றார். தீர்ப்பு வந்ததும் இரு தரப்பும் மீண்டும் மக்களிடமே ஓட்டுக் கேட்டன. தோற்றவர் முடிவை ஏற்றார். பிற்பாடு அதே கட்சிகள் ஒன்றாக அமர முடிந்ததற்கு, சண்டை விதிமுறைக்குள் நடந்ததும் ஒரு காரணம்.

கூட்டணிகள் நாளை மீண்டும் மாறலாம். தேசிய முன்னணியில் நீடிப்பதா விலகுவதா என்ற முடிவை, 2025 நவம்பர் பொதுப்பேரவையில் மஇகா பேராளர்கள் மத்திய செயலவையிடம் ஒப்படைத்தனர். மேலே எந்த முடிவு வந்தாலும், தோட்டத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் பாடையைத் தூக்க வருபவர்கள் எல்லாக் கட்சியிலும் இருப்பார்கள். பள்ளி நிலத்திற்கான கடிதத்திலும் அவர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை முதல் அங்கமாகச் சேர்க்க எந்தத் தலைமையகத்தின் அனுமதியும் தேவையில்லை.