வாசலில் நிற்கும் காரும் வாரண்டி அட்டையும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு எங்கள் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. வாசலில் கார் நின்றது. சாவியைத் திருகினோம், செல்ஃப் எடுக்கவில்லை. டக், டக் என்ற ஓசை மட்டும் வந்து அடங்கியது. 108-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் வந்தது, மருத்துவமனையில் சேர்த்தோம், மூன்றாம் நாள் அம்மா வீடு திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். எனினும் கார் கிளம்பாத அந்தக் கால் மணி நேரத்தை எங்கள் வீட்டில் எவரும் மறக்கவில்லை.

அந்தக் கார் ரியாத்தில் பணிபுரியும் எங்கள் தம்பியுடையது. ஆண்டுக்கொரு முறை விடுப்பில் வரும்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியே கல்வராயன் மலைக்குச் செல்வார். வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி என்று இரண்டு நாள் சுற்றுவார். மற்ற மாதங்களில் அது துணி போர்த்தி வாசலில் நிற்கும். கள்ளக்குறிச்சியில் நம் தெருக்களில் நடந்து பாருங்கள், இவ்வாறு நிற்கும் கார்கள் எத்தனையோ இருக்கும்.

பேட்டரி வாங்கிப் பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. அட்டையில் 24 மாதம் இலவச மாற்று, அதன்பின் 24 மாதம் தள்ளுபடியில் மாற்று என்று இருந்தது. கடைக்குச் செல்லும் வழியிலேயே நண்பர் ஒருவர் அறிவுரை வழங்கினார்: "வண்டி ஓடாமல் நின்றது என்று சொல்லிவிடாதீர்கள். தினமும் ஓடுகிறது என்று சொல்லுங்கள்." கடைக்காரரும் அதையேதான் முதலில் கேட்டார். தினமும் ஓடுகிறது என்றோம்.

அது பொய். ஐவேளைத் தொழுகையாளிகளான நாங்கள், சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காகச் சொன்ன பொய்.

அவர் பேட்டரியை இரண்டு நாள் சார்ஜரில் வைத்தார். லோடு சோதனை செய்தார். பேட்டரியில் குறையில்லை, சார்ஜ் இறங்கியிருந்தது, அவ்வளவுதான் என்று திருப்பிக் கொடுத்தார். தினமும் ஓடும் வண்டியில் இறங்கியிருந்தால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார். மெக்கானிக்கிடம் அதற்கும் செலவு செய்தோம். ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால், "நிற்கும் வண்டிக்கு நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள்" என்று ஒரே வரியில் அவர் சொல்லியிருப்பார். நாங்கள் மறுபடியும் துணியைப் போர்த்தி நிறுத்தினோம். மூன்று மாதங்களில் பேட்டரி மீண்டும் இறங்கியது. இம்முறை சார்ஜ் ஏறவே இல்லை. நெடுநாள் காலியாகக் கிடந்ததால் தகடுகள் கெட்டுவிட்டன, இதற்கு வாரண்டி இல்லை என்றார்கள். கோபம் வந்தது. யார்மீது கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

நம் மார்க்கச் சட்டத்தில் 'கியாருல் ஐப்' என்றொரு உரிமை உண்டு. வாங்கிய பொருளில், நம் கைக்கு வருமுன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், அதைத் திருப்பிக் கொடுக்கலாம். நம் கையில் வந்தபின் நம் கவனக்குறைவால் நேர்ந்த குறைக்கு விற்றவர் பொறுப்பல்லர். வாரண்டி அட்டைகளின் நிபந்தனைகளும் ஏறத்தாழ இதையேதான் பேசுகின்றன: தயாரிப்புக் குறைக்கு மாற்றித் தருவோம், சார்ஜ் இறங்கியதற்கும், உடைந்ததற்கும், பராமரிக்காததற்கும் தரமாட்டோம். வாசலில் நின்று செத்த பேட்டரி தொழிற்சாலையில் செத்ததன்று. நம் வீட்டில் செத்தது.

எப்படிச் சாகிறது என்பதைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். காரை அணைத்துப் பூட்டினாலும் கடிகாரம், அலாரம், ரிமோட் பூட்டு, உள்ளிருக்கும் கணினி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணி. முப்பது நாளில் 18. சிறிய கார்களின் பேட்டரி 35 ஆம்பியர் மணி அளவினதே. ஒரு மாதத்தில் பாதி போய்விட்டது! பேட்டரி தானாக இறங்குவது வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிகிறது. பிறகு எத்தனை நாள் சார்ஜ் செய்தாலும் அது முழுமையாகக் கரைவதில்லை.

வாரத்துக்கொரு முறை ஐந்து நிமிடம் இஞ்சினை ஓட விடுகிறோமே என்பார்கள். நாங்களும் சில வாரங்கள் செய்தோம். வாரத்தில் இறங்கியது 4 ஆம்பியர் மணிக்கு மேல். ஐந்து நிமிடத்தில் 20 ஆம்பியர் ஏறினாலும் கிடைப்பது 1.7 தான், நின்ற இடத்தில் உறுமும் இஞ்சினில் அவ்வளவும் ஏறுவதில்லை. பெட்ரோலுக்குக் கேடு, அண்டை வீட்டாருக்கும் இடையூறு.

வாரண்டியில் பலர் அறியாத மற்றொன்றும் உண்டு. இலவசமாக மாற்றித் தரும் பேட்டரிக்குப் புதிதாக 24 மாதம் தொடங்குவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் பழைய பேட்டரியின் மீதிக் காலத்தை மட்டுமே தருகின்றன. 2024 ஜனவரியில் வாங்கியதை 2025 நவம்பரில் மாற்றினால், புதியதன் இலவசக் காலம் 2026 ஜனவரியோடு முடிந்துவிடும். இரண்டாவது 24 மாதத் தள்ளுபடியோ மாதம் ஏற ஏறக் குறையும்; அதுவும் அச்சிட்ட எம்ஆர்பி விலையில் கணக்கிடப்படும். பழைய பேட்டரியைக் கொடுத்து வெளிச்சந்தையில் புதியது வாங்கும் விலைக்கும் அதற்கும் சில நேரங்களில் பெரிய வேறுபாடு இராது. '48 மாத வாரண்டி' என்ற பெரிய எழுத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

இவ்வளவும் வாங்குவோரைக் குறித்துச் சொன்னோம். விற்போரில் நம்மவரும் உண்டு. அவர்களிடமும் ஒரு சொல். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரியை இன்று வந்ததுபோல் கொடுப்பதும், அட்டையில் தேதியும் வரிசை எண்ணும் எழுதாமல் வெறும் முத்திரை குத்துவதும், கேட்டால் "நம்ம கடைதானே பாய்" என்பதும் நேர்மையாகாது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் குத்பாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தயாரித்த மாதம் பேட்டரியின்மேல் குறியீடாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் கேட்குமுன் அதைப் படித்துக் காட்டுவது ஒரு நிமிட வேலை.

உண்மையிலேயே தயாரிப்புக் குறை இருந்தும் கடையும் நிறுவனமும் கைவிரித்தால் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. பில்லும் நிரப்பிய அட்டையும் கையில் இருக்க வேண்டும். எங்களைப் போல் பொய்யும் இருக்கக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் புதிய பேட்டரி, எங்கள் காசில். தம்பி ஊரில் இல்லாத மாதங்களில் செய்வதை எழுதுகிறோம், பயன்படுவோர் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் முழு சார்ஜ் ஏற்றி, நெகடிவ் டெர்மினலை முதலில் கழற்றுகிறோம். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். கழற்றிய பேட்டரியை அடுப்படியிலிருந்து விலகிய, காற்றோட்டமுள்ள, வெயில் படாத மூலையில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கிறோம். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய ரப்பர்ப் பெட்டி காலத்துப் பேச்சு; இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த அச்சம் வேண்டாம். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறோம்: 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ். மூடி திறக்கும் வகையாயின் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. போர்வெல் தண்ணீர் கூடாது. செத்த பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும்.

அம்மா வீட்டில் இருக்கும் மாதங்களில் பேட்டரியைக் கழற்றுவதில்லை. வண்டி எந்நேரமும் கிளம்ப வேண்டுமே. அப்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி, கோமுகி அணை வரை போய்த் திரும்புகிறோம். போக அரை மணி, வர அரை மணி. மலை தெரியும் இடத்தில் சற்று நிறுத்தச் சொல்வார். இஞ்சினை அணைக்கிறோம், திரும்பக் கிளம்பும்போது எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திச் சாவியையே பார்க்கிறோம்.