நீர்மேல் மிதக்கும் நாதம்

பாட்டு என்றவுடன் நம் நினைவிற்கு முதலில் வருவது எது? பாடுபவரின் குரலா, மேடையின் இருபுறமும் நிற்கும் ஒலிபெருக்கியா? ஒலிபெருக்கி இல்லையேல் பாட்டே இல்லை என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோம். ஆனால், உரக்க ஒலிப்பதால் மட்டும் பாட்டு இனித்துவிடாது. அதைக் கேட்கக் காத்திருக்கும் செவிகளும் வேண்டும் என்பதே என் கருத்து. இதற்குச் சான்று தேடி இத்தாலி நாட்டின் வெனிஸ் நகருக்குச் செல்வோமா?

வண்டிச் சாலைகளுக்குப் பதிலாகக் கால்வாய்கள் அமைந்த நகரம் அது. 'கொண்டோலா' எனப்படும் அந்நகரத்துப் படகு சுமார் 11 மீட்டர் நீளமுடையது. ஒற்றைத் துடுப்பால் செலுத்தப்படுவது. கோடை மாலைகளில் பாடகர் ஒருவரும் அக்கார்டியன் வாசிப்பவர் ஒருவரும் அதில் ஏறிப் பயணிகளுக்காகப் பாடிச் செல்வதை இன்றும் காணலாம்.

1786ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மானியக் கவிஞர் கதே அங்கே நிலவொளியில் படகேறினார். முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக இரு பாடகர்கள் மாறி மாறிப் பாடினர். பின்னர் ஜூதெக்கா தீவில் இறங்கி, கரையோரம் வெகுதூரம் விலகி நின்று, ஒருவர் பாட மற்றவர் மறுமொழியாகப் பாடினார். இருவருக்கும் நடுவே நடந்தபடி கேட்டபோதுதான் அப்பாடலின் பொருள் தமக்கு விளங்கியது என்று கதே எழுதினார். கடலுக்குச் சென்ற கணவன்மாரின் குரல் தொலைவிலிருந்து பதிலாக வரும்வரை, மீனவப் பெண்கள் மாலையில் கரையிலமர்ந்து பாடும் வழக்கத்தையும் அவர் குறிப்பிட்டுள்ளார். அப்பெண்களுக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. அன்பின் அழைப்பு அன்றோ!

இயற்கையும் இதற்குத் துணைபுரிகிறது. கோடை மாலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லும். ஆதலால் மேலெழும் ஒலியலைகள் வளைந்து நீர்ப்பரப்பை நோக்கித் திரும்புகின்றன. மெல்லிய குரலும் நெடுந்தொலைவு கேட்கிறது. ஆனால், ஓர் இயந்திரப் படகு அருகே சென்றால் போதும், அத்தனையும் இரைச்சலில் அமுங்கிவிடும்.

"ஒலிபெருக்கி இருப்பதால்தானே மென்குரல் உடையவளும் மேடையேற முடிகிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயிரம் பேர் கூடும் விழாவிற்கு அது தேவைதான். நாற்பது பேர் அமரும் வகுப்பறைக்கும் தேவையா? ஒலிபெருக்கி பாடுபவளின் குரலை உயர்த்துகிறது. அதன் துணிவில் நாமும் நம் பேச்சை உயர்த்திக்கொள்கிறோம். அது இல்லாதபோதோ, அவளுக்காக ஒருவரையொருவர் "உஷ்!" என்று அடக்கி, செவிசாய்த்து அமர்கிறோம்.

எனவே, ஆண்டுக்கு ஒரு மாலையேனும் நம் பள்ளியில் ஒலிபெருக்கியற்ற இசை நிகழ்ச்சி நடைபெறட்டும். பெற்றோரும் வந்து அமரட்டும். கடைசி வரிசையிலும் குரல் கேட்க வேண்டுமானால் முதல் வரிசை அமைதி காக்க வேண்டும். அந்தப் பழக்கம் நமக்கு வருமாயின், பாட்டு வேளைக்கு மட்டுமன்றி, தாழ்ந்த குரலில் பேசும் எவரிடமும் பழகுவதற்கு அது உதவும்.