மலை ஏறும் மயிலாப்பூர்!

சென்னை தட்டையான ஊர். மயிலாப்பூர் மாட வீதியைச் சுற்றினாலும், தியாகராயநகர் பாண்டிபஜாரில் நடந்தாலும், அடையாறு பக்கம் போனாலும் மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மேம்பாலம்தான் மலை!

அந்த ஊரில் இருந்துதான் வெள்ளிக்கிழமை இரவு ஆனதும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு இளைஞர்களும் பெண்களும் பஸ்சிலும் ரெயிலிலும் புறப்படுகிறார்கள். நீலகிரிக்குப் போகிறார்கள். ஏற்காட்டுக்குப் போகிறார்கள். இரண்டு நாள் காடு மேடெல்லாம் நடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் நொண்டிக்கொண்டே ஆபீசுக்கு வருகிறார்கள்.

"காசையும் கொடுத்து, காலையும் வலிக்க வைத்துக் கொள்வானேன்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்கும் பெரியவர்களில் பலர், அந்தக் காலத்தில் அலிபிரி வழியாக 3,550 படி ஏறி ஏழுமலையானைக் கண்டவர்கள்! கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரிக்கு இன்றும் மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு ஏழு மலை ஏறுகிறார்கள். மலை ஏறுவது நமக்குப் புதிது அல்ல. சாமி இல்லாத மலைக்கும் போகிறார்களே, அதுதான் புதிது.

என்ன கிடைக்கிறது?

முதலில் குளிர்ச்சி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால், வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். சென்னை வெயிலில் வெந்தவனுக்கு இதுவே பெரிய வரம்.

அடுத்தது மூச்சு. ஏறத் தொடங்கிய முதல் அரை மணி நேரம்தான் கஷ்டம். நெஞ்சு படபடக்கும், "திரும்பி விடலாமா?" என்று தோன்றும். உடம்பு சூடேறி, மூச்சும் நடையும் ஒன்று சேர்ந்து விட்டால், கால் தானாகப் போகும். ஏறுவதை விட இறங்குவதுதான் தொடையை நோகடிக்கும். பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டி இருப்பதால், அடுத்த நாள் மாடிப்படி கூட எதிரியாகத் தெரியும்.

இதை எல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. மலையில் மானேஜரும் குமாஸ்தாவும் ஒன்று. யார் முன்னால் போகிறாரோ அவர் கை கொடுக்கிறார். பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்கிறார். வீட்டையும் வேலையையும் சுமந்து களைத்த பெண்கள், "என்னாலும் முடியும்" என்று அங்கே கண்டுகொள்கிறார்கள். 2023-ம் ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முத்தமிழ்செல்வி, விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர். அந்தச் சிகரத்தைத் தொட்ட தமிழ்நாட்டின் முதல் பெண் அவர்.

குரங்கணியை மறக்கலாமா?

ஆனால் மலை விளையாட்டு மைதானம் அல்ல. 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நினைவு இருக்கிறதா? சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து போனவர்கள், கொழுக்குமலையில் இருந்து இறங்கும்போது காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. அவர்களில் பலர் இளம்பெண்கள்.

தீ சமதரையில் பரவுவதை விட, சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். எரியும் புல்லின் அனல், மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்து விடுகிறது. மேலே ஓடித் தப்பலாம் என்று நினைத்தால், தீ முந்திக்கொள்ளும். இதை அறிந்த ஒருவர் உடன் இருப்பதும் இல்லாததும் உயிர்ப் பிரச்சினை.

அந்த ஆண்டிலேயே அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் 40 பாதைகளைத் திறந்து, மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து, வழிகாட்டிகளாக நியமித்தது. தீப்பிடிக்கும் கோடையில் பாதைகளை மூடுகிறார்கள். "லீவு கிடைத்த நாளில் மூடிவிட்டார்களே" என்று முணுமுணுப்பவர்கள், குரங்கணியை ஒரு தரம் நினைத்துப் பார்க்கட்டும்.

கட்டணம் அதிகம் என்றும் புகார் உண்டு. வழிகாட்டியின் கூலி அதில் இருந்துதான் வர வேண்டும். காட்டில் பிறந்தவனுக்கு அந்தக் காடே சோறு போடுவது நல்லதுதான். அதற்காக, மலை பணக்காரர் பொழுதுபோக்கு ஆகிவிடவும் கூடாது. தியாகராயநகர் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்றே வேலை பார்க்கும் பெண்ணும் ஒரு முறை போய்வரக் கூடியதாகக் கட்டணம் இருக்க வேண்டும். அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

ரத்த அழுத்தமோ நெஞ்சு நோவோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மலைப் பக்கம் போகக் கூடாது. வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறி மாண்டவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் கூடவே கொண்டுபோக வேண்டும். புதுச் செருப்பை வீட்டிலேயே சில நாள் போட்டுப் பழக்கிவிட வேண்டும்.

பழகுவதற்குத் தொலைவு போக வேண்டியதும் இல்லை. பரங்கிமலை இருக்கிறது. உயரம் சுமார் 300 அடி. மாலை நேரத்தில் படி வழியாக ஏறினால், கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். கால் முடியாதவர்களுக்கு உச்சி வரை மோட்டார் ரோடும் உண்டு.