ஈஸ்டர் முட்டையா, உழைத்தவன் பெயரா?

வீடியோ விளையாட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் ரகசியங்களைப் பற்றி முதலாளித்துவப் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதிப் புளகாங்கிதம் அடைகின்றன. திரையில் விண்வெளிக் கப்பலை ஓட்டிக்கொண்டு போகும்போது, யாரும் போகாத ஒரு மூலைக்குப் போனால் ஒரு பெயர் மின்னுமாம். யாரும் தொடாத ஒரு பொருளைத் தொட்டால் பழைய விளையாட்டிலிருந்து ஒரு பூச்சி பறந்து வருமாம். இவற்றுக்கு "ஈஸ்டர் முட்டை" என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மேல்நாடுகளில் ஈஸ்டர் திருநாளன்று வர்ணம் பூசிய முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகள் ஓடி ஓடித் தேடி எடுப்பார்கள். அந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. எத்தனை குறும்பு, எத்தனை வேடிக்கை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். தன் கையால் செய்த பொருளில் தன் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதி ஒளித்து வைக்க வேண்டிய கதி ஒரு மனிதனுக்கு ஏன் வந்தது? இந்தக் கேள்விக்கு அந்தப் பத்திரிகைகளில் பதில் இல்லை. பதில் சொன்னால் வேடிக்கை கெட்டுவிடும். முதலாளியின் வேஷமும் கலைந்துவிடும்.

உழைத்தவருக்கு 22,000, கம்பெனிக்குக் கோடி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் அட்டாரி என்று ஒரு கம்பெனி. 1972ல் தொடங்கப்பட்டது. 1976ல் வார்னர் என்னும் பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் கருவியையும், அதில் செருகும் விளையாட்டுப் பெட்டிகளையும் விற்பது அதன் வியாபாரங்களில் ஒன்று. அந்தப் பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு சிப். அந்தச் சிப்பில் என்ன தெரிய வேண்டும், எது அசைய வேண்டும், எப்போது சத்தம் வர வேண்டும் என்பதையெல்லாம் கணக்காக எழுதி வைப்பவரே புரோகிராமர்.

அந்த நாளில் ஒரு விளையாட்டு முழுவதையும் ஒரே ஆள்தான் செய்வார். கதை, படம், சத்தம் எல்லாம் அவருடைய மூளை உழைப்பு. அப்படி உழைத்தவர்களில் ஒருவர் வாரன் ராபினெட் என்னும் இளைஞர். அவர் செய்த "அட்வென்ச்சர்" விண்வெளிக் கதை அல்ல. கோட்டையும் டிராகனும் நிறைந்த மாயக் கதை. ஆனால் பின்னால் வந்த விண்வெளி விளையாட்டுகளின் ரகசியங்களுக்கெல்லாம் அதுவே வழி காட்டியது.

கணக்கைப் பாருங்கள். ராபினெட்டுக்கு வருஷச் சம்பளம் சுமார் 22,000 டாலர். அவர் செய்த கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை சுமார் 25 டாலர். விற்றவை சுமார் 10 லட்சம். அதாவது கடைகளில் கைமாறிய பணம் இரண்டரைக் கோடி டாலர். இதில் அவருக்கு ஒரு சல்லிக் காசு பங்கு உண்டா? இல்லை. பெட்டியின் மேல் பெயராவது உண்டா? அதுவும் இல்லை. பெயரை வெளியிட்டால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போவான். பெயர் பெற்றவன் நாளைக்குக் கூலியும் கூடக் கேட்பான். எனவே பெயர் கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை.

ராபினெட் என்ன செய்தார்? கறுப்புக் கோட்டையின் ஒரு மூலையில், சுற்றியுள்ள நிறத்திலேயே ஊசிமுனை அளவு ஒரு புள்ளியை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய் ஒரு குறிப்பிட்ட அறையை அடைந்தால் சுவர் வழி விடும். உள்ளே, இதைப் படைத்தவர் வாரன் ராபினெட் என்ற எழுத்துகள் நிறம் மாறி மாறி மின்னும். ஒருவரிடமும் சொல்லாமல் 1979ல் கம்பெனியை விட்டு வெளியேறினார். சிப்புகள் லட்சக்கணக்கில் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு, 1980ல் ஒரு சிறுவன் இது என்ன என்று கம்பெனிக்கே கடிதம் எழுதினான். அப்போதுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது!

இவருக்கு முன்னும் இப்படிச் செய்தவர் உண்டு. 1977ல் அதே அட்டாரி வெளியிட்ட "ஸ்டார்ஷிப் 1" காசு போட்டு ஆடும் விண்வெளி விளையாட்டு. அதைச் செய்த ரான் மில்னர் தன் பெயரை அழைத்து வணக்கம் சொல்லும் இரண்டு சொற்களை அதற்குள் புதைத்து வைத்திருந்தார். அது உலகுக்குத் தெரிய வந்தது 2017ல். ஒரு தொழிலாளியின் பெயர் நாற்பது வருஷம் இரும்புப் பெட்டிக்குள் சிறை இருந்திருக்கிறது! இதையா வேடிக்கை என்கிறீர்கள்?

துணி ஆலையிலிருந்து வந்த எஜமானர்

நம் ஆலைத் தோழர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1978ல் அட்டாரிக்கு வந்து அதன் தலைவரான ரே காசர், அதற்கு முன் நெடுங்காலம் இருந்தது எங்கே தெரியுமா? பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் என்னும் மாபெரும் துணி ஆலைக் கம்பெனியில். ஆலைத் தொழிலாளியை நடத்தும் வித்தையைத் துணிக் கம்பெனியில் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்தவர் அவர். புரோகிராமர்களைத் துண்டுக்கு டிசைன் போடுகிறவர்களோடு சேர்த்து அவர் ஏளனம் செய்ததை அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தப் புரோகிராமர்களில் டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட் என்று நால்வர். 1978ல் கம்பெனியின் கார்ட்ரிட்ஜ் விற்பனை சுமார் 10 கோடி டாலர். அதில் சுமார் 6 கோடி தங்கள் நால்வரின் விளையாட்டுகளால் வந்தது என்று கணக்குப் பார்த்து, பெயரும் பங்கும் கேட்டுக் காசரிடம் போனார்கள். கிரேன் பிற்காலத்தில் சொன்னபடி, காசரின் பதில் இதுதான்: பெட்டிகளைப் பூட்டுகிற வரிசையில் நிற்கும் தொழிலாளியைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமானவர்கள் அல்ல.

நால்வருக்கும் ரோஷம் வந்தது. வெளியேறி 1979ல் ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். எழுத்தாளனுக்கும் சினிமா டைரக்டருக்கும் பெயர் போடுவதுபோல விளையாட்டைச் செய்தவர் பெயரைப் பகிரங்கமாகப் போட்டார்கள். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே நால்வருக்காகக் கை தட்டுகிறார்கள்.

நாமும் அவர்களுடைய ரோஷத்தை மதிக்கிறோம். ஆனால் நம்முடைய ரோஷம் வேறு இடத்தில் பிறக்கிறது. வரிசையில் நிற்கும் தொழிலாளிக்குச் சமம் என்று சொன்னால் அது ஏன் வசவு ஆக வேண்டும்? சிப்பைப் பொருத்தி, திருகு முடுக்கி, பெட்டியில் போட்டு ஒட்டுகிற கை இல்லாவிட்டால் கிரேனின் மூளை கடைக்குப் போய்ச் சேருமா? இருவரும் சமம் என்று காசர் சொன்னது உண்மை. ஆனால் இருவருக்கும் சமமாக மரியாதை செய்ய வேண்டும் என்றா சொன்னார்? இருவருக்கும் சமமாக ஒன்றும் கிடையாது என்றல்லவா சொன்னார்! மூளையால் உழைப்பவனைக் கையால் உழைப்பவனைக் காட்டி மிரட்டுவதும், கையால் உழைப்பவனை வாசலில் நிற்கும் வேலையற்றவனைக் காட்டி மிரட்டுவதும் முதலாளிக்குக் கைவந்த கலை. அந்தச் சூழ்ச்சியைப் பார்க்காமல், நானும் திருகு முடுக்குகிறவனும் ஒன்றா என்று கொதித்தது நால்வரின் குறை.

அந்த வரிசைத் தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? 1983 பிப்ரவரியில் உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றுவதாக அட்டாரி அறிவித்தது. கலிபோர்னியாவில் சுமார் 1,700 பேருக்கு வேலை போயிற்று. அவர்கள் எந்தச் சிப்பில் பெயரை ஒளித்து வைத்தார்கள்? அதற்கு அவர்களுக்கு இடம் ஏது? ராபினெட்டுக்காவது ஒரு புள்ளி கிடைத்தது. திருகு முடுக்கியவருக்கு அந்தப் புள்ளியும் இல்லை. அவரைத் தேடி எந்தப் பிள்ளையும் எந்தக் கோட்டைக்குள்ளும் நுழையப் போவதில்லை.

எதிர்ப்பு எப்படி விற்பனைச் சரக்கானது?

ராபினெட்டின் ரகசியம் வெளியானதும் அதை அழித்துவிட நிர்வாகத்தில் சிலர் நினைத்தார்கள். சிப்பை மறுபடி செய்ய ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். அப்போது ஸ்டீவ் ரைட் என்ற அதிகாரி, இருந்துவிட்டுப் போகட்டும், ஈஸ்டர் முட்டைபோல் பிள்ளைகள் தேடுவார்கள், இனி எல்லா விளையாட்டிலும் வைப்போம் என்று யோசனை சொன்னார். நேற்றுவரை கட்டளை மீறல். மறுநாள் விளம்பரத் தந்திரம்! உழைத்தவன் வயிற்றெரிச்சலோடு கிறுக்கியதை வர்ணம் பூசி முட்டை என்று விற்றார்கள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை மேலும் கேளுங்கள். 1982ல் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் "யார்ஸ் ரிவெஞ்ச்" என்ற விண்வெளி விளையாட்டைச் செய்தார். யார் என்பது அதில் வரும் பூச்சி இனத்தின் பெயர். தலைப்புக்குப் பொருள், யார்களின் பழிவாங்கல். வார்ஷாவும் தன் முதலெழுத்துகளை முன்னும் பின்னுமாக அதற்குள் ஒளித்து வைத்தார். ஆனால் தலைப்பிலேயே இன்னொரு ரகசியம் இருந்தது. ரே என்ற ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் யார்! அந்தப் பூச்சிகளின் ராசாக் என்னும் கிரகம், காசர் என்பதைத் தலைகீழாகத் திருப்பிய பெயர். பிரிந்து போன ஆக்டிவிஷன்மீது எஜமானர் ரே பழி வாங்குகிறார் என்பதுதான் உட்பொருள் என்று வார்ஷாவே பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார்.

தமிழ்ப் பிள்ளையிடம் யார் என்று சொன்னால், யார் என்று திருப்பிக் கேட்கும். நாமும் அதையேதான் கேட்கிறோம். யார் யாரைப் பழி வாங்குவது? தொழிலாளி தன் பெயருக்காகத் தோண்டிய சுரங்கத்தில் மூன்றே வருஷத்தில் எஜமானரின் பெயர் குடியேறிவிட்டது! இதே வார்ஷாவிடம் "ஈ.டி." என்ற வேற்றுக்கிரகவாசி விளையாட்டைச் சுமார் ஐந்தே வாரத்தில் செய்து தரும்படி கம்பெனி கேட்டது, 1982 கிறிஸ்துமஸ் வியாபாரம் தவறிவிடுமாம். செய்தார். சரக்கு தேங்கியது. 1983ல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமொகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் விற்காத கார்ட்ரிட்ஜ்களைக் கொட்டிப் புதைத்தார்கள். 2014ல் தோண்டி எடுத்துப் படம் பிடித்தார்கள். அதுவும் ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. உழைப்பைக் குப்பையில் கொட்டியவனை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பெயர் மட்டும் போதுமா?

"புரோகிராமர் என்பவர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், அவரையும் நம்மையும் ஒப்பிடலாமா?" என்று சில தோழர்கள் கேட்கக் கூடும். வசதியில் வித்தியாசம் உண்டுதான். ஆனால் நெல் மூட்டையில் நடவு நட்டவள் பெயர் இல்லை. துணிப் பேலில் நூல் நூற்றவர் பெயர் இல்லை, ஆலையின் முத்திரைதான் இருக்கிறது. விளையாட்டுச் சிப்பில் அதை எழுதியவர் பெயர் இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது மூவருக்கும் பொருந்துகிறதே!

அப்படியானால் பெயர் போட்டுவிட்டால் தீர்ந்ததா? ஆக்டிவிஷன் கதையின் முடிவைப் பாருங்கள். பெயருக்காகப் பிறந்த அந்தக் கம்பெனியே காலப்போக்கில் பகாசுரக் கம்பெனியாகி, 2023ல் சுமார் 6,900 கோடி டாலருக்கு மைக்ரோசாப்டுக்கு விலை போயிற்று. 2024 ஜனவரியில் மைக்ரோசாப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை ஒரே அறிவிப்பில் வெளியேற்றியது. அவர்களில் எத்தனையோ பேரின் பெயர் விளையாட்டின் முடிவில் ஓடும் பட்டியலில் இருந்திருக்கும். பட்டியலில் பெயர் இருந்தது. வேலைக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் அதே மைக்ரோசாப்டின் கீழ் இன்னொன்றும் நடந்தது. "ஃபால்அவுட்", "ஸ்டார்ஃபீல்ட்" போன்ற விஞ்ஞானக் கதை விளையாட்டுகளை வெளியிடும் கம்பெனி ஜெனிமாக்ஸ். அங்கே விளையாட்டில் பிழை பார்க்கும் தொழிலாளர்கள் சுமார் 300 பேர். நாள் முழுவதும் சுவர் சுவராக முட்டிப் பார்த்து எங்கே கோளாறு என்று எழுதுவது இவர்கள் வேலை. ரகசியம் ஒவ்வொன்றும் இவர்கள் கண்ணில் பட்டே வெளியே போகிறது. ஆனால் இந்தத் தொழிலில் கடைசி வரிசை இவர்களுக்குத்தான். 2023 ஜனவரியில் இவர்கள் யூனியன் அமைத்தார்கள். சுமார் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். வேலைநிறுத்தத்துக்கும் அனுமதி அளித்து வாக்களித்தார்கள். 2025ல் ஒப்பந்தம் பெற்றார்கள். கூலி உயர்வு, காரணமின்றி வேலையை விட்டு நீக்குவதற்குத் தடை, இவற்றோடு விளையாட்டில் தங்கள் உழைப்பைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்ற ஷரத்து. ஆம், பெயருக்கான ஷரத்து!

ராபினெட் தனி ஆளாக இருட்டில் எழுதியதை, 300 பேர் சேர்ந்து பகலில், ஒப்பந்தக் காகிதத்தில், கம்பெனியின் கையெழுத்தோடு எழுதி வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத புள்ளியை யாரும் தேட வேண்டியதில்லை.

பிள்ளைகள் விளையாடட்டும், ஒளிந்திருப்பதைத் தேடட்டும். நாம் விளையாட்டுக்கு விரோதிகள் அல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனிலோ டி.வி.யிலோ அப்படி ஒரு பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினால், அருகில் உட்கார வைத்து அந்தப் பெயர் அங்கே ஏன் ஒளிந்தது என்று சொல்லுங்கள். பெயரை ஒளித்து வைத்தவன் குறும்புக்காரன் அல்ல, உழைப்பாளி என்று சொல்லுங்கள். அப்படியே, சட்டைத் துணியிலும் சோற்றுப் பருக்கையிலும் யார் பெயர் இல்லை என்பதையும் சொல்லுங்கள்.