ஒரே ஆறு, இரண்டு தமிழ்த்தாய் வாழ்த்து

பௌர்ணமி இரவில் திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். வக்கிரகாளியம்மன் சன்னதி முன்னால் நிற்கிற கூட்டத்தில் யார் எந்த ஊர் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. பேச்சை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கையில் அதே எலுமிச்சம்பழம், வாயில் அதே வேண்டுதல். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தால்தான் விவரம் தெரியும். டி.என். 16 என்றால் திண்டிவனம். டி.என். 32 என்றால் விழுப்புரம். நடுநடுவே வரிசையாக பி.ஒய். 01.

ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கிறவர்கள், நம்பர் பிளேட்டில் இரண்டு ஊராகிவிடுகிறார்கள்.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் விழுப்புரம்தான். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் 'டவுனுக்குப் போறேன்' என்று ஒருவர் கிளம்பினால் பெரும்பாலும் அது புதுச்சேரி. துணி எடுக்க, நகை வாங்க, உடம்பு சரியில்லை என்றால் ஜிப்மருக்கு ஓட, எல்லாவற்றுக்கும் பாண்டிதான். அங்கிருந்து இங்கே கிளம்புகிறவர்களும் கொஞ்ச நேரப் பயணத்துக்குள் ஒரு மாநிலம் கடந்துவிடுகிறார்கள். சென்னையில் இருப்பவர் தாம்பரம் தாண்டுகிற நேரத்தில் இவர்கள் 'தமிழ்நாட்டுக்குப் போயிட்டு வந்தோம்' என்பார்கள்.

கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். 'நீங்க மட்டும் என்ன, தமிழ்நாடு இல்லையா?' என்று ஒரு கேள்வியும் வரும். பாண்டிக்காரரிடம் இந்தக் கேள்வியை லேசாகக் கேட்டுவிடக் கூடாது.

கல்யாண வீட்டுப் பந்தியில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சுதான் இது.

"என்ன சம்பந்தி, உங்க பாண்டியில எல்லாம் சல்லிசாமே!" என்று கண்ணடிப்பார் திண்டிவனத்துக்காரர். எதைச் சொல்கிறார் என்பது பந்திக்கே தெரியும்.

"எங்க ஊருல அது மட்டுந்தான் இருக்குதுன்னு நெனச்சீங்களா சம்பந்தி?" என்று சிரித்தபடி சொல்வார் அவர். சிரிப்பு உதட்டோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவர் மனைவிக்கு அந்தச் சிரிப்பும் வராது. முந்நூறு வருஷத்துச் சரித்திரம் உள்ள ஒரு ஊரை ஒரு பாட்டிலுக்குள் அடைத்துவிடுகிறோம் என்கிற வருத்தம் அந்த ஊர்ப் பெண்களுக்கு நிறையவே உண்டு.

சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். நவாபுகளுக்குள் சண்டை வரும்போதெல்லாம் ஒரு பக்கம் நின்று, அதற்குக் கூலியாகக் கிராமங்களை வாங்கிக்கொண்டார்கள். வில்லியனூர், பாகூர் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் பிடிப்பதும், உடன்படிக்கை போட்டுத் திருப்பிக் கொடுப்பதுமாக இழுபறி நடந்து, 1816-இல் கடைசியாக பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, ஊர் ஒரே துண்டாக இல்லை. கிழிந்த துணியை உதறிப் போட்டது மாதிரி அங்கங்கே சிதறிக் கிடந்தது. அதனால்தான் இன்றைக்கும் மயிலம் சாலையிலோ திருக்கனூர் பக்கமோ போகும்போது புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று பலகைகள் மாறிக்கொண்டே இருக்கும். செல்போனுக்கே சில இடங்களில் குழப்பம் வந்துவிடும்.

அந்தக் கோடு ஒரு காலத்தில் நிஜமான கோடு. 1908-இல் பாரதியார் அதைத் தாண்டிப் போய்த்தான் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து பத்து வருஷம் தப்பித்தார். 1918 நவம்பரில் திரும்பி வந்தபோது கடலூர் பக்கத்தில் கைது செய்துவிட்டார்கள். இந்தப் பக்கம் இருந்தால் குற்றவாளி, அந்தப் பக்கம் இருந்தால் கவிஞர்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தனிப் போராட்டமும் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்கிற உரிமையை அந்த ரத்தத்தில்தான் வாங்கினோம் என்று இன்றைக்கும் அந்த ஊர் பெருமையோடு நினைவு வைத்திருக்கிறது. விழுப்புரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1947 ஆகஸ்ட் 15 அன்று விழுப்புரத்தில் மூவண்ணக் கொடி ஏறியபோது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. வில்லியனூருக்குப் பக்கத்தில் கீழூர் என்ற சின்ன ஊர். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைத்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிற 'சொல்தா' குடும்பங்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, பஞ்சாயத்துக்குப் பெயர் கொம்யூன்.

நவம்பர் 1 இரண்டு பக்கத்துக்கும் முக்கியமான தேதி. ஆனால் ஒரே காரணத்துக்காக இல்லை. புதுச்சேரிக்கு அது 1954-இன் விடுதலை நாள். தமிழ்நாட்டுக்கு 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த நாள், எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கிற நாள். பாட்டும் அப்படித்தான். தமிழ்நாட்டு விழாக்களில் மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்து. புதுச்சேரி அரசு விழாவில் எழுந்து நின்றால் ஒலிப்பது பாரதிதாசன் எழுதிய வாழ்த்து. அம்மா ஒருத்திதான், இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு பாட்டுப் பாடுகிறார்கள்.

அண்ணன் தம்பி ஒரே வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். 1979 ஜனவரியில் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய்க்கும் அப்படித்தான் தோன்றியது. புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கலாம் என்ற பேச்சு கிளம்பியதும் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. கடையடைப்பு, கலவரம், துப்பாக்கிச் சூடு. அந்தப் பேச்சை அப்படியே மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கோபத்துக்குக் காரணம் தமிழ்மேல் வெறுப்பு கிடையாது. பாரதிதாசன் பிறந்த ஊர் அது. இணைப்பு என்றால் மாஹே கேரளாவுக்குப் போகும், ஏனாம் ஆந்திராவுக்குப் போகும், புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டின் ஒரு மூலையில் மாவட்டமாகக் கரையும். மலையாளமும் தெலுங்கும் பேசுகிறவர்களும் சேர்ந்து 'நாங்க பாண்டி' என்று சொல்கிற ஒரு குடும்பத்தைப் பாகம் பிரிக்கிற வேலை அது.

அயர்லாந்துக்காரர்களைக் கேட்டால் இது சுலபமாகப் புரியும். 1921-இல் அந்தத் தீவை இரண்டாகப் பிரித்தார்கள். வடக்கு பிரிட்டனோடு இருந்துவிட்டது, தெற்கு தனி நாடானது. ரக்பி ஆட்டத்துக்கு இன்றும் தீவு முழுவதற்கும் ஒரே அணி, கால்பந்துக்கு இரண்டு அணி. 1998 உடன்படிக்கைக்குப் பிறகு வடக்கில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றும் சொல்லலாம், பிரிட்டிஷ் என்றும் சொல்லலாம், இரண்டும் என்றும் சொல்லலாம். அந்த நிலைமைக்கு வருவதற்கு முன்னால் அங்கே முப்பது வருஷம் ரத்தம் ஓடியது. நம் பக்கம் நல்லவேளையாகச் சண்டை பந்தியோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் பந்தியில் முடியாத விஷயங்களும் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம்தான் படித்தார்கள். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே கேள்வித்தாள், ஒரே பரீட்சைப் பயம். அந்த ஒற்றுமையும் போய்விட்டது. 2024-க்குள் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் எல்லாம் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அத்தை மகனும் மாமன் மகளும் இனிமேல் நோட்ஸ் கூட மாற்றிக்கொள்ள முடியாது.

அடுத்தது காலேஜ் சீட். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. புதுச்சேரியில் அதே மாதிரி 10 சதவீதம் 2023-இல் வந்தது. இரண்டும் நல்ல காரியம். எல்லையில் இருக்கிற குடும்பம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வானூர் வட்டத்தில் வீடு, பிள்ளையை நடக்கிற தூரத்தில் இருக்கிற புதுச்சேரிப் பள்ளியில் சேர்த்தாயிற்று என்று வையுங்கள். தமிழ்நாடு 'நீ எங்கள் பள்ளியில் படிக்கவில்லை' என்கும். புதுச்சேரி 'ஐந்து வருஷக் குடியிருப்புச் சான்று எங்கே?' என்று கேட்கும். பிள்ளை என்னவோ ஒரே தமிழில்தான் படித்திருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே அப்பா அம்மா இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. சொந்தக்காரர்கள் யாராவது எல்லையோரம் இருந்தால் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

இதைவிட வலிக்கிறது சாதிச் சான்று. பட்டியல் சாதிக்கான மத்திய அரசின் ஆணை புதுச்சேரிக்கு 1964-இல் தனியாக வந்தது. அதிலிருந்து 'பூர்வீகமா, குடியேறியவரா' என்கிற கேள்வி ஓய்ந்தபாடில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குகள் போயின. பக்கத்து ஊரிலிருந்து, கால் மணி நேரத் தூரத்திலிருந்து, மருமகளாக வந்த பெண் ஆபீசில் போய் நின்றால் அவள் வெளிமாநிலத்திலிருந்து வந்தவள். தாலி கட்டும்போது இல்லாத எல்லை தாலுகா ஆபீஸ் ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதுச்சேரி பக்கம் கேட்டால் அதற்கும் நியாயம் இருக்கிறது. சின்ன ஊர், கொஞ்சம் சீட்டு, கொஞ்சம் வேலை. அக்கம்பக்கத்துப் பெரிய மாவட்டங்களிலிருந்து எல்லோரும் வந்தால் சொந்தப் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டால் இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது.

2020 ஊரடங்கின்போது எல்லையில் தடுப்பு வைத்தார்கள். அதுவரைக்கும் கோடு எங்கே இருக்கிறது என்றே கவனிக்காத பலர் அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

தண்ணீருக்கு இந்த வில்லங்கம் எதுவும் தெரிவதில்லை. செஞ்சி மலைப் பக்கம் புறப்படுகிற சங்கராபரணி, வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு புதுச்சேரிக்குள் நுழைகிறது. வீடூர் அணை தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்குப் பாய்கிறது, புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அணை நிரம்பித் திறந்தால் எச்சரிக்கை அறிவிப்பு இரண்டு பக்கத்துக் கரைக்கும் போகிறது. ஊசுட்டேரியும் அப்படியே. ஏறக்குறைய 800 ஹெக்டேர் ஏரி, பாதி அங்கே, பாதி இங்கே. புதுச்சேரி தன் பாதியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. சில வருஷம் கழித்துத் தமிழ்நாடும் தன் பாதியை அறிவித்தது. ஒரு ஏரி, இரண்டு சரணாலயம், இரண்டு வனத்துறை. நாரைக்கு மட்டும் ஒரே மீன்தான்.

திருவக்கரை கல்மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள், மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் போனவை. அவற்றைப் பற்றி 1781-இல் முதன்முதலில் எழுதிய ஐரோப்பியர் சொன்னெரா என்கிற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். இன்றைக்கு அதைப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. பார்க்க வருகிறவர்களில் பலர் புதுச்சேரிக்குச் சுற்றுலா வந்தவர்கள். 'பாண்டிச்சேரி கல்மரப் பூங்கா' என்று போட்டோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தத் தடவை முகம் சுளிப்பது விழுப்புரத்துக்காரர்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் இந்தக் கணக்கு எல்லாம் மறந்துபோகும். மயிலத்து முருகன் வருகிறார், தீவனூர் பிள்ளையார் வருகிறார், திண்டிவனத்துப் பெருமாள் வருகிறார், மேல்மலையனூர் அங்காளம்மன் வருகிறாள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி, புதுச்சேரிக் கடலில் தீர்த்தவாரி. வழி நெடுக வரவேற்பு, நீர்மோர், பானகம். தங்கள் ஊர் சாமி வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் கொஞ்சம் தள்ளுமுள்ளு செய்வார்கள். அது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

பௌர்ணமிக்குத் திருவக்கரையில் ஜோதி பார்த்துவிட்டுக் கூட்டம் கலையும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பி.ஒய். வண்டிக்காரர் சாவியைத் திருகிக்கொண்டே திண்டிவனத்து மைத்துனரைப் பார்த்து, "மாசி மகத்துக்கு வீட்டுக்கு வந்துடுங்க மச்சான், ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்" என்பார்.

"வர்றோம் மாமா. வரும்போது ஏதாச்சும் வாங்கிட்டு வரணுமா?"

"எதுவும் வேணாம். போகும்போதும் எதுவும் வாங்கிட்டுப் போக வேணாம்!"

இந்தத் தடவை இரண்டு பேருமே சிரிப்பார்கள்.