குறுஞ்செய்திக்குக் கடனெழுத்து ஏன்?

திருமயிலைக் குளக்கரையிலும், தியாகராயர் நகர் அரங்கநாதன் தெருவிலும், அடையாற்றுப் பேருந்து நிறுத்தத்திலும் கைப்பேசியில் விரலோட்டாத இளைஞரைக் காண்பது இன்று அரிது. முகநூலும் புலனமும் கீச்சகமும் அவர்தம் ஊர்மன்றங்களாகிவிட்டன. நான்கு சொல்லில் ஒரு செய்தி. அதற்கு இரண்டு சொல்லில் மறுமொழி. இதனைக் காணும் முதியோர் சிலர், மொழியே சுருங்கிப் போகிறதென்று கவல்கின்றனர்.

சுருக்கம் தமிழுக்குப் பகையன்று. வள்ளுவர்க்குக் கோயில் எடுத்த ஊர் மயிலை. ஏழே சீரில் அறமும் பொருளும் இன்பமும் உரைத்த மொழிக்குச் சுருங்கச் சொல்லக் கற்பிப்பார் எவர்? 2006-இல் தோன்றிய துவிட்டர், செய்தி ஒன்றுக்கு 140 குறி என்று எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்குள் ஒரு குறள் முழுதும் அடங்கும், இடமும் எஞ்சும்.

நோய் வேறிடத்தில் உள்ளது. நெஞ்சில் எழுவது தமிழ். விரல் எழுதுவதோ ஆங்கில எழுத்து. வி, ஏ, எல், ஐ என நான்கு எழுத்துகளைக் கோத்துவைத்தால் அது வலியா, வழியா, வளியா, வாளியா? லகர ளகர ழகரங்கள் ஒன்றாய்க் குழைகின்றன. குறிலும் நெடிலும் வேறுபாடு இழக்கின்றன. பத்தாண்டு இவ்வாறு எழுதிய கை, தமிழில் எழுதப் புகும்போது எந்த லகரம் இடுவதென்று தயங்கி நிற்கும். எழுத்தை மறந்தவன் நாளடைவில் ஒலியையும் மறப்பான்.

இது புலவர்தம் வீண் கவலை என்பாரும் உளர். 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் வெள்ளத்தில் தவித்தபோது, முன்பின் அறியாதார்க்குப் படகும் உணவும் மருந்தும் சேர்த்தவை இக் குறுஞ்செய்திகளே. அவ் இளைஞரின் அருளுள்ளம் போற்றத்தக்கது. ஆயின், அச் செய்திகளைத் திரட்டிய குறிச்சொற்கள் ஆங்கிலத்திலேயே பெரிதும் வழங்கின. தமிழ் மட்டும் அறிந்த ஆற்றங்கரைக் குப்பத்துத் தாய்க்கு அவை எட்டியிருக்குமா? 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாக் கடற்கரையில் இளைஞர் கூட்டம் கடலெனத் திரண்டது. தமிழர் மரபுக்கு நயன்மை கேட்ட அப் போராட்டத்திலும் எங்கும் பரவிய குறிச்சொல் ஆங்கிலமே! உரிமையைக் கேட்கும் வாய்க்கு உரிய எழுத்து வேண்டாவா?

இவ் வழக்கத்திற்குத் தக்க கரணியமும் ஒருகால் இருந்தது. பழைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழெழுத்தே தோன்றவில்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழெழுத்து ஒன்று புகுந்தாலும் 70 குறியாகக் குறுகியது. மேலும், 1991-இல் ஒருங்குகுறியில் தமிழ் இடம்பெற்றபோது, புள்ளியெழுத்துக்கும் அகரமொழிந்த உயிர்மெய்க்கும் தனியிடம் தரப்படவில்லை. ஆகவே 'தமிழ்' என்னும் மூன்றெழுத்தைப் பொறி ஐந்தாக எண்ணுகிறது. அக் குறையை நீக்கவே தமிழ்நாட்டரசு 2010-இல் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது; எனினும் உலகப் பொதுவழக்கில் அது வேரூன்றவில்லை.

இன்று அத் தடைகளிற் பெரும்பாலன நீங்கிவிட்டன. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகை கிடைத்தது. அதில் உயிர்கள் இடக்கைப் பக்கத்திலும் மெய்களிற் பெரும்பாலன வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. சில நாட் பயிற்சியே போதும். கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களை விலையின்றி வழங்குகிறது. 140 என்ற எல்லையும் 2017-இல் 280 ஆயிற்று. இனித் தடை பொறியில் இல்லை. சோம்பலிலும், ஆங்கில எழுத்தே நாகரிகம் என்னும் தாழ்வு மனப்பான்மையிலும் உள்ளது.

தமிழிளைஞர் திறமற்றவர் அல்லர். கீச்சு, முகநூல், புலனம் என்று சொல் படைத்து வழங்கச் செய்தவர் இவ் இணையத் தமிழரே. துவிட்டர் 2023-இல் தன் பெயரை எக்சு என்று மாற்றிக்கொண்டது. அதன் பறவைச் சின்னமும் பறந்தது. கீச்சு என்னும் தமிழ்ச்சொல்லோ இன்றும் வழங்குகிறது. சொல்லைப் படைத்தவர்க்கு எழுத்தைக் காப்பது அரிதா?

தமிழுணர்வுடையோர் தத்தம் வீட்டிலிருந்தே இதனைத் தொடங்குதல் வேண்டும். மகன் ஆங்கில எழுத்தில் விடுத்த செய்திக்குத் தந்தை தமிழெழுத்தில் மறுமொழி விடுக்கட்டும். ஆசிரியர் தம் மாணவர்க்கு விசைப்பலகையையும் ஒரு பாடமாக்கட்டும். "வந்து சேர்ந்தேன்" என்னும் சிறு செய்தியாயினும் அது தமிழெழுத்தில் வந்து சேரட்டும்!