லேஸர் என்னும் ஒரு பெயரும் பல ஒளிகளும்

செம்பட்டியினின்று கண் வைத்தியத்திற்காக மதுரைக்குப் பஸ் ஏறுவோர், "லேஸர் வைத்தார்கள்" என்று மட்டுங் கூறித் திரும்புகின்றனர். எந்த லேஸர் என்று வினவுவார் அரியர். அடுப்பின் தீயையும் அகல் விளக்கின் சுடரையும் ஒரே காரியத்திற்குக் கொள்வார் உண்டோ?

தசையை வெப்பத்தால் மாற்றுவதே இவ்வொளிகளின் தொழில். ஆயினும் அலைநீளம் மாறின், ஒளியை விழுங்கும் பொருளும் மாறும். பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் கண்ட கரியமிலவாயு லேஸரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அதனை நீர் உடனே விழுங்குமாதலின், அது ஈரத்தசையின் மேற்புறத்தை ஆவியாக்கி அங்கேயே நின்றுவிடும். கத்திபோல் அறுக்க ஏற்றது. அதே ஆண்டில் அதே கூடத்திற் பிறந்த நியோடிமியம்-யாக் லேஸரோ (1,064) சில மில்லிமீட்டர் ஆழம் புகுந்து தசையை வேகவைக்கும்.

கண்ணின் கதை வேறு. கரியமிலவாயு ஒளி விழியின் முன்படலத்தையே சுட்டுவிடும். 532 நானோமீட்டர்ப் பச்சை ஒளியோ முன்படலத்தையும் உள்நீரையும் ஊடுருவி, விழித்திரையின் நிறமியில் தங்கிச் சுடும். நீரிழிவுடையார்க்கு விழித்திரையின் ஓரங்களைப் புள்ளி புள்ளியாகச் சுடுவதால், ஆங்கு முளைக்கும் தீய இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன.

இழந்த பார்வையை இது மீட்பதன்று, எஞ்சியதைக் காப்பது. இதனை முன்னரே விளங்கச் சொல்லாவிடின், "லேஸர் வைத்தும் தெளியவில்லையே" என்று நோயாளி மறுமுறை வாராது நின்றுவிடுவார். எஞ்சிய பார்வையும் போம். பெரிய இயந்திரம் வாங்கும் வைத்தியசாலைகள், வைத்த ஒளியின் பெயர், அதன் நோக்கம், மீண்டும் வரவேண்டிய நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு சீட்டையுங் கொடுத்தனுப்புதல் வேண்டும்.